ஓரமாக உட்காரும் மெக்கானிக்

ஸ்டூல் விரிந்துவிட்டது. இனி அரை மணி நேரத்துக்கு இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் படிக்கட்டுதான்.

நீலக் கித்தான் போட்ட மடக்கு ஸ்டூல். அதன் மேல் சாம்பல் நிறச் சட்டையும் பேன்ட்டும் போட்ட ஒரு பெண்மணி. வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது. கொண்டை அவிழாமல் இருக்க, ஒயர்களைச் சேர்த்துக் கட்டுகிற கறுப்பு பிளாஸ்டிக் பட்டியை இழுத்து முடுக்கியிருக்கிறார். எதிரே லிஃப்ட், கதவை மூடமாட்டேன் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. கருவிப் பைக்குள் கை போகிறது. சுற்றி நிற்கிற நாலு பேரும் ஸ்பேனரை எதிர்பார்க்கிறார்கள். வெளியே வருவது ஆரஞ்சுப் பழம்.

"என்னம்மா, வேலை செய்ய வந்தீங்களா, பழம் சாப்பிட வந்தீங்களா?" என்கிறார் மூன்றாம் மாடிப் பல் டாக்டர். அவருடைய நோயாளிகள் மூச்சு வாங்கிக்கொண்டே மாடியேறி வந்து, வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே திறந்துவிடுகிறார்களாம்.

"ரெண்டுக்கும்தான் சார். நீங்களும் ஒரு சுளை எடுத்துக்கங்க."

முதல் சுளை வரைக்கும்தான் பேச்சு. அதற்குப் பிறகு ஃபோன் அணைந்துவிடும். யார் எது கேட்டாலும் தலை மட்டும் ஆடும். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. ஆரஞ்சுத் தோல் ஒரே நாடாவாகச் சுற்றிச் சுற்றி முழங்கால் வரை இறங்கும். நடுவில் அறுந்து யாரும் பார்த்ததில்லை.

அந்தப் பல் டாக்டர் கட்டடத்து லிஃப்ட்டை இவருக்கு முன்னால் இரண்டு மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். இருவருமே சுறுசுறுப்பானவர்கள். ஒருவர் கதவின் சென்சாரை மாற்றினார். இன்னொருவர் வந்து, மாற்றியதை மாற்றினார். கதவு அசரவில்லை. தினமும் மதியம் மூன்று மணிக்குத் திறந்தால் நாலு வரைக்கும் மூடாது. இவர் உட்கார்ந்தார். இரண்டாவது பழத்தில் இடது கெண்டைக்காலில் சூடாக ஏதோ பட்டது. மூன்றாவது பழத்தில் அந்தச் சூடு கணுக்காலுக்கு இறங்கியது. குனிந்து பார்த்தார். நடைபாதை ஜன்னலிலிருந்து ஒரு துண்டு வெயில் காலைத் தாண்டி, நேராகப் போய்க் கதவு ஓரத்துச் சென்சாரில் உட்கார்ந்திருந்தது.

"உங்க லிஃப்ட்டுக்குக் கண் கூசுது சார். யாரோ வாசல்ல நிக்கிறாங்கன்னு நெனச்சிக்குது."

டாக்டர் அறையிலிருந்து ஓர் அட்டையை வாங்கி, தொப்பியின் முன்பக்கம்போல் மடித்து ஒட்டினார். வேலை முடிந்தது. அந்த அட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறது. 'தினமும் இருவேளை பல் துலக்குங்கள்' என்று லிஃப்ட்டுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறது.

இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் குறைவு. ஸ்டூல் அக்கா. இருபத்து மூன்று லிஃப்ட்டுகள் இவர் பொறுப்பில் ஏறி இறங்குகின்றன. எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் வெட்கப்படுவார்.

"நான் எங்க கண்டுபிடிக்கிறேன்? அதுவா வருது. வர்ற வழியில குறுக்க நிக்காம நான் ஓரமா உட்கார்றேன், அவ்வளவுதான்."

"எப்ப வரும்?"

"சொல்லிட்டு வந்தா அது விருந்தாளிங்க."

கைக்கு ஏதாவது சின்ன வேலை கொடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அது ஸ்க்ரூவைத் திருகப் போய்விடும் என்பது அவர் கட்சி. அதற்குத்தான் பழம். "மண்டைக்கு வேலை தெரியும்ங்க. நாமதான் மேஸ்திரி மாதிரி பக்கத்துல நின்னுக்கிட்டு, ஆச்சா, ஆச்சான்னு கேட்டுக் கெடுத்துடறோம்."

லிஃப்ட்டின் எல்லாப் பொத்தானையும் ஒரே இழுப்பில் அழுத்திவிட்டு ஓடுகிற பிள்ளைக் கூட்டம் எந்தக் கட்டடத்திலும் உண்டு. நாலாம் நம்பர் பொத்தானின் இடுக்கில் சூயிங்கம் ஒட்டுகிற மகான்களும் உண்டு. அவர்கள் யார் யார் என்று அக்காவுக்கு நன்றாகவே தெரியும். ஒருநாளும் திட்டியதில்லை. "எல்லாப் பொத்தானும் வேலை செய்யுதான்னு செக் பண்றாங்க, பாவம். சம்பளம்கூட வாங்கறதில்ல" என்று வாட்ச்மேனிடம் சொல்லியிருக்கிறார். அந்தச் சொல் காதில் விழுந்தபின் அவர்களுக்குச் சூயிங்கம் ஒட்டக் கை வரவில்லை. பொத்தான்களைப் பற்றி அப்படி எந்த வாக்குறுதியும் இல்லை.

இவ்வளவு பெரிய ஸ்டூல் ஞானி, சொந்த வீட்டு விஷயத்தில் ஏழு வாரம் நின்ற காலில் நின்றார் என்பதுதான் சங்கதி.

அக்கா குடியிருப்பது ஓர் ஆறாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவர் பொறுப்புதான். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவர் கணவரின் சலூன். ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, இருபத்திரண்டு வருடம். முடி வெட்டுவதற்காகப் பேசுகிறாரா, பேசுவதற்காக முடி வெட்டுகிறாரா என்று சொல்ல முடியாத மனிதர். தலையில் ஒரு முடிகூட இல்லாத இரண்டு பேர் வாராவாரம் வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவார்கள். அவர்களுக்கும் கத்தரியைக் காற்றில் 'சக் சக்' என்று ஓட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசி அனுப்பிவைப்பார்.

அவருடைய வலது முழங்கால் கொஞ்ச நாளாகவே மக்கர். ஆறு மாதத்துக்குப் படி ஏறவோ இறங்கவோ கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். பரவாயில்லை, லிஃப்ட் இருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்று சிரித்தார்.

ஒருநாள் காலை, கடைக்குக் கிளம்பியவரை வைத்துக்கொண்டு அந்த லிஃப்ட் நாலாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். பிறகு கதவு திறந்தது. "பொண்டாட்டி பார்த்துக்கற லிஃப்ட்டுல புருஷனுக்குச் சிறை!" என்று எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே கடைக்குப் போனார். சாயங்காலம் லிஃப்ட் வாசலில் வந்து நின்றார். உள்ளே கால் போகவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து எழுந்து, படியிலேயே ஏறி வீட்டுக்கு வந்தார். முழங்கால் பூசணிக்காய் ஆகிவிட்டது.

அன்றைக்கு மேலே வந்தவர்தான். படியில் இறங்க முட்டி விடவில்லை. லிஃப்ட்டில் இறங்க மனசு விடவில்லை. கேட்டால், "முட்டிம்மா, முட்டிதான்" என்பார். முட்டிக்கும் லிஃப்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் ரேடியோவைக் கூட்டி வைப்பார்.

அக்கா அவரை ரிப்பேர் செய்யத் தொடங்கினார்.

முதலில் லிஃப்ட் கயிற்றில் ஒரு முழத் துண்டைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். "பாருங்க, இரும்பு. இது மாதிரி ஆறு. ஒண்ணு அறுந்தாலும் மிச்சம் அஞ்சு தாங்கும்."

"அறுந்தாலும்னு ஏன் சொல்றே?"

"ஒரு பேச்சுக்குங்க."

"வேற பேச்சே இல்லையா?"

அடுத்து, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்துவிட்டு, காலி லிஃப்ட்டை நாற்பது தடவை மேலும் கீழும் ஓட்டிக் காட்டினார். நாற்பதையும் அவர் பொறுமையாகப் பார்த்தார். "நல்லாத்தான் போகுது. உள்ள ஆள் இல்லாத சந்தோஷம் அதுக்கு" என்றார். மூச்சை எப்படி இழுத்து விடுவது என்று ஒரு தாள் வந்தது. அதைக் கத்தரித்து அழகான தொங்கல் செய்தார். நாத்தனார் ஃபோன் செய்து, தூங்கும்போது அப்படியே தூக்கி லிஃப்ட்டில் வைத்துவிடு என்றார். வாட்ச்மேனோ, நாற்காலியோடு நாலு பேர் படிவழியே தூக்கிவிடலாம் என்றார்.

"நான் என்ன பீரோவா?" என்று கேட்டார் சலூன்காரர்.

இடைப்பட்ட நேரத்தில் அவர் கை சும்மா இருக்க வேண்டுமே. வாசல் மிதியடியின் ஓரப் பிசிறை நேராக வெட்டினார். துடைப்பத்துக்குப் பின்பக்கம் லேசாகக் குறைத்து, முன்பக்கம் நீளம் விட்டார். மேஜை விரிப்பின் குஞ்சங்களுக்கு முடிவெட்டு நடந்தது. வெட்டும்போது மிதியடியோடு, துடைப்பத்தோடு, விரிப்போடு பேச்சும் நடந்தது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்கு அவர் பதில் சொல்லாத வரி இல்லை. "ஆமாம்மா, நீ சொல்றே, அங்க யாரு கேக்கறா?"

ஏழாவது வாரம் வெள்ளிக்கிழமை, சலூன் இருக்கிற இடத்தின் சொந்தக்காரர் அக்காவை நிறுத்தினார். பக்கத்திலேயே நோட்டுப் புத்தகக் கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர். அதனால்தான் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த ஷட்டர் மூடியே கிடக்கறதால என் கடையும் மூடிட்டதா நெனச்சித் திரும்பிப் போறாங்க. மூக்குக்கண்ணாடி விக்கிறவர் ஒருத்தர் இடம் கேட்டுக்கிட்டே இருக்கார். திங்கக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு அண்ணன் வந்துட்டா இது அண்ணன் கடை. இல்லன்னா..."

அந்த ஒரு நாற்காலி போய்விட்டால் அவர் பேச இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. துடைப்பத்தோடு ஒரு மனிதர் எத்தனை வருடம் பேசுவார்?

நோட்டுக்கடைக்காரர் வைத்த கெடுவைச் சொல்லப்போய், சனிக்கிழமை மதியம் வீட்டில் சண்டை. சண்டை என்றால் அக்கா தனியாகப் போட்ட சண்டை.

"பிரேக் நாலு இருக்கு, கயிறு ஆறு இருக்கு, கீழ ஸ்பிரிங் இருக்கு! இதுக்கு மேல என்னதான் வேணும் உங்களுக்கு?"

"நான் கயிறு கேட்டேனா?"

"பின்ன என்னதான் கேக்கறீங்க?"

அவர் முழங்காலைத் தடவினார். "தெரியலம்மா" என்றார். "நெஜமாவே தெரியல. உள்ள காலை வைக்கப் போனா அது தானா திரும்பிடுது. முட்டின்னுதான் நெனச்சேன்."

அக்கா கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். எங்கே போவது என்று தெரியவில்லை. லிஃப்ட் எதிரே நின்றார். கால் கடுத்தது. பழக்கதோஷத்தில் கை ஸ்டூலை விரித்துவிட்டது. உட்கார்ந்தபின்தான் கவனித்தார், ஸ்டூல் வீட்டு வாசலைப் பார்த்து விரிந்திருந்தது. அப்படி அது ஒருநாளும் விரிந்ததில்லை. லிஃப்ட்டுக்கு உட்காரலாம். வீட்டுக்கு ஓடத்தானே வேண்டும் என்று இருந்துவிட்டார். வேலை செய்கிற இடத்தில் மண்டையை நம்புகிறவர், வீட்டில் கயிற்றை நம்பினார்.

யோசிக்க அல்ல, அசதிக்குத்தான் உட்கார்ந்தார். ஃபோனை அணைத்தார். பழத்தை எடுத்தார். தோல் சுற்றி இறங்க ஆரம்பித்தது.

உள்ளேயிருந்து கணவர் குரல். ரேடியோவிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தேநீர்ப் பாத்திரத்திடம். "பொங்காதே, பொங்காதே, நான் இங்கதானே இருக்கேன்?" அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷன் வாயை மூடி எப்போதாவது பார்த்திருக்கிறோமா?

பார்த்ததில்லை. ஆனால் கேட்டிருக்கிறோம்.

அது நினைவாகக்கூட வரவில்லை. சத்தமாக வந்தது. கணவர் மாட்டிக்கொண்ட அன்றைக்கு, மொட்டைமாடி மெஷின் ரூம். விரிந்த ஸ்டூல். அந்த லிஃப்ட்டுக்கு இரண்டு மாதமாக ஒரு கள்ளக் கோளாறு. அவ்வப்போது நிற்கும். டாக்டரைப் பார்த்ததும் நின்றுவிடுகிற இருமல் மாதிரி, அக்கா வந்து தொட்டதும் ஒழுங்காக ஓடும். அன்றைக்குத்தான் அவர் இருக்கும்போதே நின்றது. பிடித்தால் இப்போது பிடிக்க வேண்டும். உள்ளே யார் என்று வாட்ச்மேன் ஓடிவந்து சொன்னார். வேறு ஆளாக இருந்தால் அக்கா கையால் சக்கரத்தைச் சுற்றி, பத்து நிமிடத்தில் லிஃப்ட்டைப் பக்கத்து மாடிக்கு இறக்கி ஆளை வெளியே எடுத்திருப்பார். அதுதான் முறை. அதைத்தான் எப்போதும் செய்வார். ஆனால் இறக்கினால் கோளாறு ஓடிவிடும். நம்ம ஆள்தானே, ஒன்றும் நினைத்துக்கொள்ளமாட்டார் என்று உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தால் வரும் என்பது பொய்யில்லை. வந்தது. இரண்டாம் மாடியில் யார் வீட்டுக் கதவைச் சாத்தினாலும் மெஷின் ரூம் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். எறும்பு தும்மினால் கேட்கிற அளவுக்கு. இரண்டாம் மாடி லிஃப்ட் கதவுப் பூட்டில் ஒரு ஒயர் முக்கால்வாசி ஒடிந்து ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்ததற்காகக் கம்பெனியில் எல்லோர் முன்னாலும் கைதட்டினார்கள்.

அந்த 'டிக்' கேட்ட காதுக்கு இன்னொன்றும் கேட்டது. லிஃப்ட் ஓடுகிற இருட்டுச் சந்து வழியாகக் கீழேயிருந்து மேலே வந்தது.

"ஏய்... மேல இருக்கியா?"

கொஞ்ச நேரம் கழித்து, "ஏய், நீதானே? இருக்கியா?"

இருந்தார். பழம் உரித்துக்கொண்டு இருந்தார். தலையைக்கூட ஆட்டினார். மூன்று தடவையோ நாலு தடவையோ அந்தக் குரல் வந்தது. பிறகு வரவில்லை. மிதியடியோடு பேசுகிற மனிதர் அரை மணி நேரம் ஒரு சத்தமும் இல்லாமல் இருந்திருக்கிறார்.

ஆரஞ்சுத் தோல் அறுந்து தரையில் விழுந்தது.

அக்கா அதைக் குனிந்து எடுத்தார். பழத்தை மீதி உரிக்காமலே பைக்குள் போட்டார். உள்ளே போனார். அவர் இரண்டு டம்ளர்களில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீங்க கூப்பிட்டீங்க. எனக்குக் கேட்டுச்சுங்க."

ஊற்றுகிற கை நின்றது. "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"உனக்குக் கேக்கலன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன்." டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மேல யாருமே இல்லையோன்னு. நான் உள்ள இருக்கறது யாருக்குமே தெரியாதோன்னு."

"தெரியும். தெரிஞ்சேதான் உட்கார்ந்திருந்தேன். வேற ஆளா இருந்தா உடனே இறக்கியிருப்பேன். நம்ம ஆள்தானேன்னு..."

"நம்ம ஆளுன்னா நாற்பது நிமிஷமா?"

அவர் சிரிக்கத்தான் பார்த்தார். பாதியில் நின்றுவிட்டது. அக்காவின் நாக்கு நுனியில் ஆறு கயிறும் நாலு பிரேக்கும் வந்து வரிசை கட்டின. அவற்றை அப்படியே விழுங்கினார். "தப்புங்க" என்றார்.

அவர் தேநீரை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கேட்ட அமைதி கட்டடத்தையே கலக்கியது. ரேடியோப் பெண் பதில் சொல்ல ஆளில்லாமல் செய்தி வாசித்தாள். வாட்ச்மேன் மூச்சிரைக்க ஆறு மாடி ஏறி வந்தார். "என்னக்கா, அண்ணன் சத்தத்தையே காணோம்? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கார். உள்ள ஏதோ ஓடிக்கிட்டிருக்கு. குறுக்க போகாதீங்க."

"நாளைக்கு ஒன்பது மணிக்கா! நோட்டுக்கடைக்காரர் வந்து நின்னுடுவாரு."

"தெரியும்."

நாத்தனார் ஃபோன் செய்தார். "என்னம்மா பண்றே? தம்பியைக் கீழ இறக்க என்ன ஏற்பாடு?"

"ஒண்ணும் பண்ணல அண்ணி."

"ஒண்ணும் பண்ணலையா!"

"அதைத்தான் காலையிலேர்ந்து பண்ணிக்கிட்டிருக்கேன். முதுகு ஒடியுது."

உண்மையிலேயே அது அவர் செய்த வேலைகளிலேயே கடினமான வேலை. லிஃப்ட் எதிரே உட்காருவது வேறு. லிஃப்ட் பெருமூச்சு விடாது. ஜன்னலோரம் முழங்காலைத் தடவிக்கொண்டு உட்காராது. நாளைக்குக் கடை போய்விடுமே, ஒரு வார்த்தை சொல்லலாமே, கையைப் பிடித்து இழுக்கலாமே என்று அக்காவின் கை துடித்தது. பழம் கொடுத்தார். சாயங்காலத்துக்குள் பதினொரு ஆரஞ்சு உரிந்து, வீடு முழுக்க வாசனை. தன் மண்டையை முப்பது வருடமாக நம்பியாகிவிட்டது. அடுத்தவர் மண்டையை நம்புவதற்குத்தான் இவ்வளவு பழம் தேவைப்பட்டது. சலூன்காரர் தட்டிலிருந்து ஒவ்வொரு சுளையாக எடுத்துத் தின்றார். என்னம்மா இத்தனை பழம் என்றுகூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அக்கா ஸ்டூலை எடுத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குள் போனார். ஆறாம் மாடியில் கதவைத் திறந்தபடி நிறுத்திவைத்தார். நடுவில் ஸ்டூலை விரித்து, வீட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தார். வா என்று கூப்பிடவில்லை. ஃபோனை அணைக்கவில்லை. பழமும் எடுக்கவில்லை.

கீழேயிருந்து வாட்ச்மேன் படிக்கட்டு வழியாகக் கத்தினார். "அக்கா! லிஃப்ட் வரல!"

"வராது! உட்கார்ந்திருக்கேன்!"

"ஐயோ, இன்னைக்குமா?"

எட்டேகாலுக்கு சலூன்காரர் வாசலில் தலை நீட்டினார். லிஃப்ட்டுக்குள் மனைவியைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். அக்கா அசையவில்லை.

சமையலறையிலிருந்து ஒரு குரல். "ஏய்!"

"இருக்கேன்!" என்றார் அக்கா.

அடுத்து, குளியலறையிலிருந்து, வாளிக்குள் தலையை விட்டுக் கூப்பிட்ட மாதிரி, "ஏய்... இருக்கியா?"

"இருக்கேங்க!"

பின்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு, துணி காயப்போடும் இடத்திலிருந்து எறும்பு தும்முகிற குரலில், "ஏய்..."

"இருக்கேன்! இங்கதான் இருக்கேன்!"

"நானும் இருக்கேன் அண்ணே!" என்று கீழ்த்தளத்திலிருந்து வாட்ச்மேன் சேர்த்துக்கொண்டார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. இருந்தார், அதனால் சொன்னார்.

எட்டரைக்கு சலூன்காரர் முழுசாக வெளியே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. ஒரு கையில் கத்தரிப் பெட்டி. தோளில் வெள்ளைத் துணி. லிஃப்ட் வாசலில் நின்று மனைவியின் தலையைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் முகம் சுளித்தது.

"என்ன கொண்டை இது? ஒயரை வச்சு முடி கட்டற ஒரே பொம்பளை நீதான். ஏழு வாரமா இந்தக் கோலத்துலயா நாலு இடத்துக்குப் போய் வந்தே? பாக்கறவங்க என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"வெட்டிக்க எங்க நேரம்?"

"நேரமா? உக்காந்துதானே இருக்கே!"

பெட்டியை லிஃப்ட் வாசலில் குறுக்கே வைத்தார். இனிக் கதவு மூடாது. ஒரு காலை உள்ளே வைத்தார். கொஞ்ச நேரம் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் துணி அவர் கழுத்தைச் சுற்றி இறங்கியது. பிளாஸ்டிக் பட்டியை ஒரே வெட்டில் அறுத்து வீசினார். தண்ணீர் தெளித்து, வாரி, வலது பக்கத்தில் கத்தரி இறங்கியது. அதோடு பேச்சும் இறங்கியது. நேற்று ஒருநாள் பேசாததற்கும் சேர்த்து. துடைப்பத்தின் முடி எவ்வளவு தேவலாம், ரேடியோக்காரப் பெண்ணுக்குச் சளி பிடித்திருக்கிறது, கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்த இடத்தில் வியாபாரமே ஆகாது, வெளிச்சம் போதாது. வலது பக்கத்துக்கு வசதியாக நிற்க இன்னொரு காலும் உள்ளே வந்துவிட்டதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை.

கத்தரி நின்றது. காலால் பெட்டியை மெல்ல உள்ளே இழுத்தார்.

"ஏய்."

"இருக்கேன்."

சீப்பின் வாலால் கீழ்த்தளப் பொத்தானை அழுத்தினார்.

கதவு மூடியது. ஆறு. ஐந்து. கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. நாலு தாண்டியதும் ஓடவில்லை. துணிக்குள் மாட்டிய தலையை அக்காவால் திருப்ப முடியாது. பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

"இருக்கேன்" என்றார் அக்கா, அவர் கூப்பிடாமலே.

மூன்று. 'சக்' என்றது கத்தரி. 'சக் சக்' என்றது.

கீழ்த்தளத்தில் கதவு திறந்தபோது ஒன்பதாக ஐந்து நிமிடம் இருந்தது. வாட்ச்மேன் வாயைப் பிளந்து நின்றார். நோட்டுக்கடைக்காரர் கைக்கடிகாரத்தை அவசரமாகச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டார். சலூன்காரர் அவர்கள் இருவரையும் பார்த்தார். பிறகு மனைவியின் தலையைப் பார்த்தார். வலது பக்கம் காது தெரிந்தது. இடது பக்கம் தோள் வரை தொங்கியது.

சட்டைப் பையிலிருந்து ஷட்டர் சாவியை எடுத்து நோட்டுக்கடைக்காரரிடம் எறிந்தார்.

"கொஞ்சம் ஏத்தி வைங்க. இந்தம்மாவுக்கு ஒரு பக்கம் பாக்கி இருக்கு, முடிச்சிட்டு வந்துடறேன்" என்று சொல்லி, சீப்பின் வாலால் ஆறை அழுத்தினார்.